ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும் (2022–2023)

ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஆகும். 1766இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்திற்கு நியூ பிரன்சுவிக், நுவார்க், கேம்டன் ஆகிய நகரங்களில் வளாகங்கள் உள்ளன. இதன் ஆசிரியர் சங்கங்களுக்கும் நிர்வாகத்திற்கும் இடையே 2022–2023இல் நடந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தை, 2023 ஏப்ரலில் ஐந்து நாள் வேலைநிறுத்தத்தில் முடிந்தது. பல்கலைக்கழகத்தின் 257 ஆண்டு வரலாற்றில் ஆசிரியர்கள் நடத்திய முதல் வேலைநிறுத்தம் இதுவே. ஒரு பல்கலைக்கழகத்தில் கூட்டுப் பேரம் எவ்வாறு நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

கூட்டுப் பேரம் என்றால் என்ன?

ஒவ்வோர் ஊழியரும் தனித்தனியே ஊதியம் பேசுவதற்குப் பதிலாக, எல்லோர் சார்பிலும் சங்கம் நிர்வாகத்துடன் பேசி எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்வது கூட்டுப் பேரம் எனப்படுகிறது. ஒப்பந்தம் பொதுவாகச் சில ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கும். ஊதியம், வேலைப்பளு, பணிப் பாதுகாப்பு, விடுப்பு, குறைதீர்ப்பு முறை ஆகியவை அதில் இடம்பெறும். எந்தப் பாடப்பிரிவைத் தொடங்குவது, எதை மூடுவது போன்ற கொள்கை முடிவுகள் பெரும்பாலும் நிர்வாகத்தின் உரிமையாகக் கருதப்படுவதால், அவை பேரத்திற்கு வெளியே நிற்கும்.

பேச்சுவார்த்தையில் வழக்கமாகச் சில படிகள் உண்டு. முதலில் இரு தரப்பும் கோரிக்கைகளை எழுத்தில் பரிமாறிக்கொள்ளும். பிறகு பேச்சுக் குழுக்கள் பல அமர்வுகளில் ஒவ்வொரு பிரிவாக விவாதிக்கும். முட்டுக்கட்டை ஏற்பட்டால் நடுவர் அழைக்கப்படலாம். அப்போதும் தீராவிட்டால், வேலைநிறுத்தத்திற்கு அழைப்பு விடுக்கும் அதிகாரத்தைச் சங்கத் தலைமைக்கு அளிப்பதா என்று உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். உடன்பாடு ஏற்பட்ட பின்னரும் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும்.

சட்டப் பின்னணி

அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியர்களின் சங்க உரிமையை 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் காக்கிறது. ஆனால் 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் மாறான தீர்ப்பை அளித்தது. அங்குள்ள முழுநேரப் பேராசிரியர்கள் பாடத்திட்டம், மாணவர் சேர்க்கை, பணி நியமனம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் செல்வாக்கு உடையவர்கள். எனவே அவர்கள் நிர்வாகத்தினரே, சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறியது. இதன் பின்னர் முழுநேரப் பேராசிரியர் சங்கங்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே நிலைபெற்றன.

அரசு ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்தும். நியூ ஜெர்சியில் அரசு ஊழியர்களுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுவார்த்தை உரிமையை அளித்தது. வேலைநிறுத்தத்தை நேரடியாகத் தடை செய்யும் பொதுவான சட்டப்பிரிவு அங்கு இல்லை. எனினும் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று நீதிமன்றங்கள் தடையாணை பிறப்பித்த முன்னுதாரணங்கள் உண்டு. இந்தத் தெளிவின்மையே ரட்கர்ஸ் பேச்சுவார்த்தை முழுவதிலும் நிழலாகத் தொடர்ந்தது.

பிரச்சினையின் வேர்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ‘ஆசிரியர்’ என்பது ஒரே நிலையைக் குறிக்கும் சொல் அன்று. மேல்நிலையில் எளிதில் பணிநீக்கம் செய்ய முடியாத நிரந்தரப் பணியுரிமை பெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அடுத்து, குறிப்பிட்ட காலத்திற்கு நியமிக்கப்படும் முழுநேர ஆசிரியர்கள். அவர்களுக்குக் கீழே, பருவத்திற்குப் பருவம் நியமிக்கப்பட்டு, நடத்தும் பாடத்தின் அளவுக்கேற்பச் சம்பளம் பெறும் பகுதிநேர விரிவுரையாளர்கள். அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்பது இவர்களுக்குக் கடைசி நேரம்வரை தெரியாமலும் போகலாம். முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்களும் கற்பித்தல் பணியில் பெரும் பங்கு வகிக்கிறார்கள். பேச்சுவார்த்தை தொடங்கியபோது அவர்களின் ஆண்டு ஊதியம் சுமார் 30,000 டாலர். வீட்டு வாடகையும் விலைவாசியும் உயர்ந்த அக்காலத்தில் அது போதவில்லை என்பது அவர்களின் குறை.

பழைய ஒப்பந்தங்கள் 2022 ஜூன் 30இல் காலாவதியாயின. புதிய ஒப்பந்தம் இல்லாமலேயே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் கடந்தன. மூன்று சங்கங்கள் களத்தில் இருந்தன. முழுநேர ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் அடங்கியது ஒன்று. பகுதிநேர விரிவுரையாளர்களுடையது மற்றொன்று. மருத்துவ, உடல்நல அறிவியல் ஆசிரியர்களுடையது மூன்றாவது. தனித்தனி ஒப்பந்தங்கள் கொண்ட இவை, இம்முறை ஒன்றாகச் செயல்பட முடிவு செய்தன. பணிப் பாதுகாப்பு உள்ள பேராசிரியர்கள் தங்கள் ஊதிய உயர்வை மட்டும் பெற்றுக்கொண்டு விலகாமல், கீழ்நிலையில் இருப்பவர்களின் கோரிக்கைகள் தீரும்வரை உடன் நிற்பது என்பதே இதன் பொருள்.

நிர்வாகமோ, தான் முன்வைத்த ஊதிய உயர்வு நியாயமானது என்றும், வேலைநிறுத்தம் சட்டத்திற்குப் புறம்பானது என்றும், அது மாணவர்களின் படிப்பைக் குலைக்கும் என்றும் வாதிட்டது. சங்கங்கள் பல்கலைக்கழகத்தின் இருப்பு நிதியையும் விளையாட்டுத் துறைக்கு ஆகும் செலவையும் சுட்டிக்காட்டி, பணம் இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று என்றன.

வேலைநிறுத்தம்

2023 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 94% பேர் வேலைநிறுத்த அதிகாரத்திற்கு ஆதரவளித்தனர். ஏப்ரல் 10இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 9,000 பேர் சார்பில் அழைப்பு விடுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் சுமார் 67,000 மாணவர்கள் பயின்றனர். மருத்துவப் பிரிவு ஆசிரியர்கள் நோயாளிகளுக்கான பணிகளை நிறுத்தவில்லை.

பருவ இறுதித் தேர்வுகளும் பட்டமளிப்பு விழாவும் நெருங்கிய வேளை அது. சங்கத்தின் வலிமையும் மாணவர்களின் கவலையும் இந்தக் கால நெருக்கடியிலிருந்தே எழுந்தன. பல்கலைக்கழகத் தலைவர் ஜொனாதன் ஹாலோவே நீதிமன்றத் தடையாணை கோரக்கூடும் என்ற நிலை இருந்தது. மாநில ஆளுநர் பில் மர்பி தலையிட்டு, உடனடியாக நீதிமன்றம் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, இரு தரப்பையும் தலைநகர் டிரெண்டனில் உள்ள தம் அலுவலகத்திற்கு அழைத்தார். அங்கு நாள்கணக்கில் நடந்த பேச்சின் முடிவில், ஏப்ரல் 14 நள்ளிரவையொட்டி அடிப்படை உடன்பாடு எட்டப்பட்டது. மாநில அரசும் கூடுதல் நிதிக்கு உறுதியளித்தது. வேலைநிறுத்தம் கைவிடப்படாமல் ‘நிறுத்திவைக்கப்பட்டது’. எஞ்சிய பிரிவுகளில் உடன்பாடு காண அந்த அழுத்தம் தேவை என்று சங்கங்கள் கருதின. ஏப்ரல் 17இல் வகுப்புகள் மீண்டும் தொடங்கின.

ஒப்பந்தத்தின் பயன்கள்

மே மாதம் உறுப்பினர்களில் வாக்களித்தோர் 93% ஆதரவுடன் புதிய ஒப்பந்தங்களை ஏற்றனர். 2022 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டு நான்கு ஆண்டுகளுக்கு அவை பொருந்தின. முக்கியப் பயன்கள்:

• முழுநேர ஆசிரியர்களுக்கு 2025 ஜூலைக்குள் குறைந்தது 14% ஊதிய உயர்வு.
• பகுதிநேர விரிவுரையாளர்களின் குறைந்தபட்சப் பாட ஊதியத்தில் சுமார் 44% உயர்வு.
• ஆய்வு மாணவ ஆசிரியர்களின் ஊதியம் ஒப்பந்தக் காலத்திற்குள் 40,000 டாலராக உயர்வு.
• பகுதிநேர விரிவுரையாளர்களுக்கு ஒரு பருவத்திற்கு மேற்பட்ட நியமனங்கள்.

கேட்டவை அனைத்தும் கிடைக்கவில்லை. பகுதிநேர விரிவுரையாளர்கள் கோரிய மருத்துவக் காப்பீடு இவ்வொப்பந்தத்தில் இடம்பெறவில்லை. பல்கலைக்கழகக் குடியிருப்புகளின் வாடகையை உயர்த்தக் கூடாது என்ற கோரிக்கையும் நிறைவேறவில்லை.

விளைவுகள்

சதவீத அளவில் பெரிய உயர்வு கீழ்நிலையில் இருந்தவர்களுக்கே கிடைத்தது. தனித்தனியே பேசியிருந்தால் பகுதிநேர விரிவுரையாளர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இத்தகைய பேர வலிமை இருந்திருக்காது. நிரந்தரப் பேராசிரியர்களும் வகுப்பைவிட்டு வெளியே வந்ததே நிர்வாகத்தையும் மாநில அரசையும் விரைவாக அசைத்தது.

அதே வேளையில், உயரும் ஊதியத்திற்கான பணத்தை யார் தருவது என்ற கேள்வி முழுமையாகத் தீரவில்லை. 2023 ஜூலையில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அடுத்த கல்வியாண்டிற்கான கல்விக் கட்டணத்தை 6% உயர்த்தியது. மாநில நிதி போதுமான அளவு வளராத இடத்தில், ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் கட்டணமும் ஒரே தராசின் இரு தட்டுகளாகிவிடுகின்றன. பேச்சு மேசையில் இரு தரப்புகளே அமர்ந்தாலும், அரசும் மாணவர்களும் அந்த ஒப்பந்தத்தின் கண்ணுக்குத் தெரியாத தரப்புகளாக இருக்கிறார்கள்.