பச்சை உப்பும் கிரீன் பட்டாசும்

சிவகாசிப் பட்டாசுக் கடைகளின் விலைப்பட்டியலில் 'கிரீன்' என்பது பழகிய சொல். '10 செ.மீ. எலக்ட்ரிக், 10 செ.மீ. ரெட், 10 செ.மீ. கிரீன்' என்று கம்பி மத்தாப்பு வரிசையில் அது இருக்கும். கொளுத்தினால் பச்சையாக எரியும் என்பதே அதன் பொருள். அந்த நிறத்தைத் தருவது பேரியம் நைட்ரேட். தொழிலில் இருப்பவர்கள் அதைப் 'பச்சை உப்பு' என்பார்கள். மருந்து எரிவதற்கான ஆக்சிஜனையும் அதுவே தருவதால், பச்சை நிறம் தேவைப்படாத மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரங்களிலும் அதைச் சேர்த்தார்கள்.

2018 அக்டோபர் 23 அன்று 'கிரீன்' என்ற சொல்லின் பொருள் மாறியது. காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. மாசு குறைந்த பட்டாசும் 'கிரீன்' பட்டாசும் மட்டுமே செய்யலாம் என்றது. பச்சை உப்பு இல்லாத பட்டாசுக்குக் கிரீன் என்று பெயராயிற்று. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வெடிபொருள் துறையின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று பேசிப் பழகிய ஊருக்கு, புதிய ஃபார்முலாவும் அங்குள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வகத்திலிருந்தே வந்தது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்ற பெயர்களில் அந்தப் பட்டாசுகள் 2019 அக்டோபரில் அறிமுகமாயின.

இன்று பெட்டியின் மேல் பச்சை முத்திரையும் கியூஆர் கோடும் இருக்கின்றன. வெளியூர் வியாபாரி முதலில் கேட்பது, "கிரீன்தானே?" என்றுதான். பேரியத்தை மீண்டும் அனுமதிக்கக் கோரிய உற்பத்தியாளர்களின் மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 தீபாவளிக்கு டெல்லியில் விற்கவும் வெடிக்கவும் அனுமதி கிடைத்ததும் கிரீன் பட்டாசுக்கு மட்டுமே.

இந்த மாற்றம் நல்லது. வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது சிறு லாபமல்ல. ஆனால் அந்த முத்திரை வெடிப்பவரின் காற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது, செய்பவரின் உயிரைப் பற்றிப் பேசவில்லை. 2012-இல் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிரீன் பட்டாசு வந்த பிறகு, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்து கலக்கும்போது நேரும் உராய்வு, அனுமதித்த அளவைத் தாண்டிய இருப்பு, ஓர் அறையில் கூடுதல் ஆட்கள், லைசென்ஸ் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவது எனத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் ஃபார்முலாவை மாற்றுவதால் தீர்பவை அல்ல.

புகையை அளந்து முத்திரை கொடுக்கத் தெரிந்த அரசுக்கு, அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணவும் முடியும். உள்குத்தகை நடக்கும் ஆலைக்குக் கிரீன் முத்திரை கிடையாது என்று ஒரு விதி வரட்டும். பட்டாசு வாங்க வரும் நாமும் "கிரீன்தானே?" என்பதோடு நிறுத்தாமல், இது எந்த ஆலையில், யார் பொறுப்பில் செய்தது என்றும் கேட்போம்.