85 ரூபாயில் ஒரு காவல்காரன்



"எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, நம்ம வீட்டுக்கு என்னடா செஞ்சே?" இந்தக் கேள்வி நம்மில் பலர் மீதும் விழுந்திருக்கும். என் மீது விழுந்தது நான்காவது செமஸ்டர் லீவில். கேட்டது அம்மா.

காரணம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனால் மறந்துவிடும். ஓவர்ஃப்ளோ குழாய் மாடித் தரையில் கொட்ட, தண்ணீர் படி வழியாகக் கீழே இறங்கும். ஒருநாள் 15 லிட்டர் பக்கெட்டை வைத்து அளந்தேன். 30 விநாடியில் நிரம்பியது. பத்து நிமிடம் மறந்தால் 300 லிட்டர், அதாவது 20 பக்கெட் வீண்!

சரி, ஒரு அலாரம் செய்வோம் என்று இறங்கினேன். ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. டிவி ரிப்பேர் சாமான் விற்கிற கடையிலேயே எல்லாம் கிடைக்கும்:

1. பிசி 547 டிரான்சிஸ்டர் – 1
2. 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் – தலா 1
3. பேட்டரியில் ஓடும் சின்ன பஸ்ஸர் – 1
4. 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப்
5. நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, நட்டுடன் – 2

எனக்கு ஆன செலவு 85 ரூபாய். இரட்டை ஒயர் வீட்டில் பழசு கிடந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டர் பேட்டரியின் மைனஸுக்கு. பஸ்ஸரின் பிளஸ் பேட்டரியின் பிளஸுக்கு, பஸ்ஸரின் மைனஸ் கலெக்டருக்கு. ஒரு ஸ்க்ரூ பேட்டரியின் பிளஸுக்கு, இன்னொன்று 10 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு. இரண்டு ஸ்க்ரூவையும் தண்ணீர் தொட்டதும் அதன் வழியே துளியூண்டு கரண்ட் பேஸுக்குப் போகும். டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கிவிடும். பஸ்ஸர் அலறும்! பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 100 கிலோ ஓம் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒயரில் ஈரம் பட்டாலே கத்தும். ஸ்டீலில் ஈயம் சரியாகப் பிடிக்காது. ஒயரை நட்டுக்கு அடியில் வைத்து முறுக்குங்கள். முதலில் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் சோதியுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, சோதனைக்கு அது சரிப்படாது.

இரண்டு ஸ்க்ரூவையும் தொட்டிக்குள் மேல் விளிம்புக்குக் கீழே தொங்கவிட்டேன். பெட்டி சமையலறையில். முதல் நாள் அலறியதும் அம்மா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

இருபது நாள் கழித்து ஹாஸ்டலுக்கு போன் வந்தது. கீழ் வீட்டுப் பாட்டி படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தொட்டி வழிந்த தண்ணீர்.

"அலாரம் என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"மோட்டாரை நிறுத்தினாலும் அது கத்திக்கிட்டே இருக்குடா. காது பொளக்குதுன்னு பேட்டரியைக் கழட்டி வெச்சேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

அம்மா அழுதார். தப்பு அம்மா மீது இல்லை நண்பர்களே, என் மீது! தொட்டி நிறைந்திருக்கும் வரை ஸ்க்ரூ நனைந்தேதான் இருக்கும், பஸ்ஸர் கத்தியேதான் தீரும். மறதிக்காகச் செய்த கருவி, "என்னைக் கழட்டி மாட்ட மறக்காதே" என்று கேட்டால் அது என்ன கருவி? லேபில் அவுட்புட் வந்ததும் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். சர்க்யூட்டில் ஒரு சால்டரைக்கூட மாற்றவில்லை. ஸ்க்ரூக்களின் இடத்தை மட்டும் மாற்றினேன். ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு அருகே, மேல் பக்கம் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை. அவற்றில் ஸ்க்ரூக்களை இறக்கி, நுனி குழாயின் அடியிலிருந்து ஒரு நூல் உயரத்தில் நிற்கும்படி வைத்தேன். தண்ணீர் வழிந்தால் கத்தும். மோட்டாரை நிறுத்தினால் குழாய் வடிந்து தானாகவே வாயை மூடும். பேட்டரியை யாரும் தொட வேண்டாம். குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தோம். சிந்துவது துளசிச் செடிக்கு.

ஒரு எச்சரிக்கை: பேட்டரிக்குப் பதில் மொபைல் சார்ஜரை மாட்டாதீர்கள். சார்ஜர் பழுதானால் 230 வோல்ட் தண்ணீருக்குள் இறங்கிவிடும். மாதம் ஒருமுறை ஸ்க்ரூக்களை ஈரத் துணியால் தொட்டுச் சோதியுங்கள். சத்தம் குறைந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.

பாட்டிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. போன மாதம் பார்த்தபோது, "உன் பொட்டி கத்துறது எங்க வீடு வரைக்கும் கேக்குதுப்பா, இப்பதான் தைரியமா படி ஏறுறேன்" என்றார். எந்த வைவாவிலும் எனக்கு இப்படி ஒரு மார்க் கிடைத்ததில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். செய்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்கள் கையில் ஒரு மாதம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கருவி அப்போதுதான் முடிகிறது!

– இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் துறை