பவ்பஜார்ச் சாவி

புத்தகத்தோடு கருவிகளையும் பொதுமக்களுக்கு இலவசமாக உபயோகிக்கத் தரும் நூலகக் கூடத்தை மேக்கர்ஸ்பேஸ் என்கிறார்கள். மேல்நாட்டுப் புதுமையாம்! கொல்கத்தா பவ்பஜார் தெருவை மறந்தவர் பேச்சு அது.

மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-ல் அங்கே விஞ்ஞானச் சங்கம் நிறுவினார். 1907-ல் நிதித்துறை அதிகாரியாக வந்த தமிழ் இளைஞர் ஒருவர் டிராமில் போகையில் அதன் பெயர்ப்பலகையைக் கண்டார். கதவைத் திறந்த ஆசுதோஷ் தே பிற்காலத்தில் அவருக்கே உதவியாளரானார். கணக்கு உத்தியோகஸ்தருக்கு இங்கென்ன வேலை என்று எவரும் தடுக்கவில்லை. சும்மா கிடந்த கருவிகளும் சாவியும் அவர் கைக்கு வந்தன. அலுவலகத்திற்கு முன்பு காலையிலும், பின்பு இரவிலும் சோதனைகள். அவர்தாம் சி. வி. இராமன். 1928-ல் இராமன் விளைவு பிறந்ததும் அச்சங்கத்திலேதான்.

நான் பயிலும் சோதனைச்சாலையோ மாலை ஐந்துக்கே பூட்டப்படுகிறது. நேற்றும் பாதிச் சோதனையில் எழுந்து வந்தேன். இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறக்கக் கோரி மனு எழுதியிருக்கிறேன். நண்பர்களே, கையொப்பமிட வாருங்கள்.