பிரிண்டர் கேபிள்: அன்றும் இன்றும்

தொண்ணூறுகளில் டிடிபி சென்டர் நடத்தியவர்களுக்கு "பிரிண்டருக்கு எந்த கேபிள் வாங்கலாம்?" என்ற யோசனையே வந்திருக்காது. கடையில் கிடைத்தது பெரும்பாலும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பக்கம் 25 பின், பிரிண்டர் பக்கம் 36 பின் கொண்ட தடித்த பேரலல் கேபிள். ஒரு முனையைத் திருகி முடுக்க வேண்டும். மறுமுனையில் இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கியை மடக்கிப் பூட்ட வேண்டும். அந்த 36 பின் இணைப்பு 1970 வாக்கில் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி, தன் பக்கத்தை 25 பின்னாகச் சுருக்கிக்கொண்டது.

ஒரு எழுத்துக்கு எட்டு பிட். எட்டும் எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் போகும். பிரிண்டர் பதில் சொல்லவும் தனிக் கம்பிகள் உண்டு: 11ஆம் பின் 'வேலையாக இருக்கிறேன்' என்று சொல்லும், 12ஆம் பின் 'பேப்பர் தீர்ந்தது' என்று சொல்லும். இத்தனை கம்பியும் ஒட்டி ஓடுவதால், நீளம் கூடினால் சிக்னல் குழம்பும். அதனால் இரண்டு மூன்று மீட்டருக்குள் பிரிண்டர் மேசையோரத்திலேயே கிடந்தது. இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே பிரிண்டர் என்றால் நடுவில் ஒரு டேட்டா சுவிட்ச் பெட்டி. குமிழை 'ஏ'யிலிருந்து 'பி'க்குத் திருப்ப மறந்தால் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வராது, வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார்.

1996இல் யுஎஸ்பி வந்தது. எட்டுக் கம்பி போட்டி போட்ட இடத்தில் மொத்தமே நான்கு கம்பி. 2000இல் வந்த 2.0 பதிப்பின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். மெஷினை அணைக்காமலே செருகலாம், பிடுங்கலாம். பிரிண்டருக்குச் சதுர முனை, கம்ப்யூட்டருக்குத் தட்டை முனை.

இன்று தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அதை முடிவு செய்வது வேகம் அல்ல, தூரமும் ஆள் எண்ணிக்கையும்தான். சாதாரண பிரிண்டர் அச்சடிக்கும் வேகத்துக்கு யுஎஸ்பி 2.0 தாராளம். ஒரு ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்கு யுஎஸ்பி போதும். அதன் எல்லை ஐந்து மீட்டர். ஆர்டர் சீட்டு அடிக்கும் பிரிண்டரோ பின்னால் சமையலறையில் இருக்கிறது. அங்கே லேன் கேபிள்தான் சரி: நூறு மீட்டர் வரை போகும், எல்லா கவுன்டரிலிருந்தும் ஆர்டர் அனுப்பலாம். ஒன்றே ஒன்று கவனம்: பிரிண்டருக்கு நிலையான ஐபி எண் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிடலாம்; பிரிண்டர் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். வீட்டுக்கு வைஃபை சுகம். கூட்டம் நிற்கும் கல்லாவுக்குக் கேபிள்தான் நம்பிக்கை.

பேரலல் இன்னும் முழுதாக ஒழியவில்லை. கார்பன் நகல் பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ்தான் வேண்டும். எப்சன் எல்எக்ஸ்-310இல் பேரலல், சீரியல், யுஎஸ்பி மூன்றுமே உண்டு. பழைய பிரிண்டரைப் புது கம்ப்யூட்டரில் மாட்ட யுஎஸ்பி–பேரலல் கன்வெர்ட்டர் கேபிள் கிடைக்கிறது. ஆனால் டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டைத்தான் தேடும். இந்தக் கன்வெர்ட்டர்கள் பொதுவாக அந்தப் பெயரில் போர்ட் உருவாக்குவதில்லை. பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1ஐ அதற்குத் திருப்பிவிட்டால் பில் வந்துவிடும். கடைக்காரரிடம் கேபிள் கேட்கும் முன், எந்த மென்பொருள் ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.