மணல் லோட்டோடு வரும் முள்

மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. மேலே யார் எதை ஆற்றில் விட்டாலும் அது வந்து சேரும் வாசல் திருகோணமலைதான்.

1990களின் பிற்பகுதியில் கண்டிப் பக்கம் மகாவலிக் கரையில் இராட்சதத் தொட்டாற்சுருங்கியை அடையாளம் கண்டார்கள். முற்றத்தில் முளைக்கும் தொட்டாற்சுருங்கியின் அதே இலை, அதே இளஞ்சிவப்புப் பூ. ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டும் முட்புதர். காய் முற்றினால் துண்டு துண்டாக உடையும். துண்டுக்கு ஒரு விதை. சுணை மூடிய அந்தத் துண்டு தண்ணீரில் மிதக்கும், மாட்டின் மயிரில் ஒட்டும், ஆற்றுமணலோடு டிப்பரிலும் ஏறும். வீடு கட்ட மணல் பறித்தவர்கள் மழை விட்டதும் குவியலைச் சுற்றி ஒரு தரம் குனிந்து பார்த்தால் போதும். கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். வளர்ந்தபின் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

பார்த்தீனியம் என்ற களை வந்தது தரைவழியாக. இலங்கையில் அது முதலில் கண்ணில் பட்டது 1999இல், வவுனியாவில். இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு வீதி இருக்கிறது. வைக்கோல், மாட்டெரு, வெட்டு மெசினின் சில்லில் ஒட்டிய சேறு, ஏதாவது ஒன்று போதும் விதைக்கு. கரட் இலை போன்ற இலையும் பொடி வெள்ளைப் பூவும் அடையாளம். முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும். ஒரு செடி பதினைந்தாயிரம் விதை வரை கொட்டும். ஆகவே பிடுங்குவதென்றால் பூக்குமுன், கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு. தோல் அரிப்பும் இழுப்பும் அதனால் வரும். காய்த்தபின் ஊர்கூடிச் சிரமதானம் வைத்து, திறந்த லொறியில் ஏற்றி ஊர்வலம் போவது விதைப்பு வேலைதான்.

நீரில் மிதக்கும் ஆற்றுவாழையின் கதை வேறு. ஜப்பான் விமானிகளைத் தரை என்று ஏமாற்ற வெள்ளைக்காரன் குளங்களில் வளர்த்தான் என்று ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரல் 9இல் குண்டு விழுந்த திருகோணமலையில் இந்தக் கதை சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒழிக்கச் சட்டம் வந்ததே 1909இல்! அழகுப் பூவென்று ஆசைப்பட்டுக் கொண்டுவந்து, சில வருடங்களிலேயே பட்ட பாடு அது. 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்காக வந்த சல்வீனியா என்ற நீர்ச்செடியும் அப்படியே வயலுக்கும் குளத்துக்கும் பரவியது. அதைத் தின்னும் சிறு வண்டை 1986இல் விட்ட பிறகுதான் பல இடங்களில் தண்ணீர் வெளியே தெரிந்தது.

எல்லாச் செடிக்கும் வண்டு கிடைக்காது. மீன்தொட்டி அலுத்துப்போனால் செடிகளை வாய்க்காலில் கொட்டாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து எரிக்கலாம். தொட்டித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றலாம். வயலில் புதிதாக ஏதாவது முளைத்திருந்தால், காய்க்கும்வரை காத்திராமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் காட்டலாம்.