புதுப்பித்தபோது விடுபட்டது என்ன?

பழைய திரைப்படங்கள் புதுப்பொலிவோடு திரும்பி வருவது நமக்குப் புதிதல்ல. 1964-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த 'கர்ணன்', டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மீண்டும் திரைக்கு வந்தது. சிவாஜி கணேசன் மறைந்து ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் படம் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. தாத்தா பார்த்த படத்தைப் பேரனும் அவரோடு அமர்ந்து பார்த்தான்.

இன்று நம் பிள்ளைகளின் கைகளில் இருக்கும் வீடியோ கேம்களும் இவ்வாறே புதுப்பிக்கப்படுகின்றன. இதற்கு 'ரீமாஸ்டர்' என்று பெயர். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வதல்ல இது. 'ஊரணி' என்ற சொல்லை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. புதுக்குளம் வெட்டுவது வேறு, இருக்கும் குளத்தைத் தூர்வாருவது வேறு. கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்த 2018-க்கு அடுத்த ஆண்டு, விவசாயிகளும் இளைஞர்களும் கைகோத்து பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். குளம் அதே குளம்தான். வண்டல் நீங்கியது, கரை பலப்பட்டது. ரீமாஸ்டரும் அப்படித்தான்.

அதே 2019-இல் ரீமாஸ்டராக வந்த ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1984-லும் 1989-லும் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற ஆங்கில நகைச்சுவைப் படங்கள் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்'. நியூயார்க் நகரில் பேய் பிடிப்பதையே தொழிலாகச் செய்யும் நால்வரின் கதை. அதன் தொடர்ச்சியாக 2009-இல் ஒரு வீடியோ கேம் வெளிவந்தது. கதை நடக்கும் ஆண்டு 1991. விளையாடுபவர் அந்த நால்வரோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது ஆள்! திரைப்படத்தில் நடித்த பில் மர்ரே, டான் அய்க்ராய்ட், ஹாரல்ட் ராமிஸ், எர்னி ஹட்சன் ஆகிய நால்வருமே இதற்குக் குரல் கொடுத்தார்கள்.

பிளேஸ்டேஷன் 3 கருவிக்கென எழுதப்பட்ட நிரல், அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 4-இல் அப்படியே இயங்காது. கருவி பழையதாகிப் பழுதானால் விளையாட்டும் அதோடு போய்விடும். இந்த விளையாட்டை உருவாக்கிய டெர்மினல் ரியாலிட்டி நிறுவனம் 2013-இல் மூடப்பட்டது. ஹாரல்ட் ராமிஸ் 2014-இல் காலமானார். 2021-இல் வந்த திரைப்படம் அவருடைய உருவத்தைக் கணினியால் உருவாக்கிக் காட்டியது. விளையாட்டில் ஒலிப்பதோ அவரே பேசிய குரல். வேறொரு நிறுவனம் முன்வந்து, காட்சிகளைத் தெளிவாக்கி, புதிய கருவிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்ததால் அந்தக் குரல் இன்றும் கேட்கிறது.

இது சிறிய காரியமல்ல. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. அதில் பேசியவர்களின் குரல்களை இனி எந்தத் தொழில்நுட்பமும் மீட்டுத் தராது. ஒருவர் அக்கறையோடு எடுத்து வைத்திருந்தால்தானே பின்னால் வருபவர் புதுப்பிக்க முடியும்?

ஆனால் இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2009-இல் பிளேஸ்டேஷன் 3 போன்ற கருவிகளில் வந்தபோது, நான்கு பேர் வரை இணையவழி சேர்ந்து விளையாடும் பகுதியும் அதில் இருந்தது. 2019-இல் வெளியான பதிப்பில் அது இல்லை. படம் தெளிவானது, குரல்கள் காப்பாற்றப்பட்டன, கூடி விளையாடும் வாய்ப்பு மட்டும் விடுபட்டது. நால்வர் தோளோடு தோள் நின்று போராடும் கதையை இப்போது ஒருவர் தனியாகவே விளையாட வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? தொலைக்காட்சி பெரிதாகிவிட்டது, கைபேசியில் படம் கண்ணாடிபோல் தெரிகிறது. ஆனால் அப்பா ஒரு மூலையில், பிள்ளை ஒரு மூலையில். 'எந்நேரமும் கேம்தானா?' என்று கண்டிக்கிறோமே, 'இது என்ன கதை, எனக்கும் சொல்லேன்' என்று எத்தனை முறை அருகில் அமர்ந்திருக்கிறோம்? விளையாடும் நேரத்திற்கு அளவு வேண்டும் என்பது உண்மைதான். அந்த அளவைத் தொலைவில் நின்று சொல்வதைவிட, கூட அமர்ந்து சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

குளத்தைத் தூர்வாருவது ஒருவர் மட்டும் நீர் எடுப்பதற்காக அல்ல. கருவிக்குள் விடுபட்டதை எந்த நிறுவனமும் நமக்குத் திருப்பித் தராமல் போகலாம். வீட்டுக்குள் விடுபட்டதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். இந்த விடுமுறையில் ஒரு பழைய படத்தைப் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவோம். அவர்களுடைய விளையாட்டு ஒன்றை நமக்குக் கற்றுத்தரச் சொல்வோம். தோற்றாலும் பரவாயில்லை, சேர்ந்தே தோற்போமே!