பித்தப்பையை விட்டுவைக்கலாமா?

மேல்வயிற்றில் சுருக்கென்று எழும் வலி முதுகுவரை பாய்ந்தால், ஜெலாப்பாங்கில் பலர் வாயிலும் முதலில் வருவது 'கேஸ்ட்ரிக்'தான். மாத்திரைக்கு அடங்காமல் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போன பிறகே இரத்தத்தில் லைப்பேஸ் நொதி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருப்பது தெரியவரும். அது கணைய அழற்சி. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தால், காரணமும் பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

பித்தநாளமும் கணைய நாளமும் குடலுக்குள் இறங்குவது ஒரே வாசல் வழியாக. அந்த வாசலில் சிறு கல் சிக்கி ஒருவர் இறந்ததை அமெரிக்க மருத்துவர் யூஜின் ஓப்பி 1901இல் விவரித்தார். ஆனால் கல் அங்கேயே தங்குவது அபூர்வம். 1974இல் அர்ஜென்டினாவின் அகோஸ்டாவும் லெடெஸ்மாவும் நோயாளிகளின் மலத்தைச் சலித்துப் பார்த்தார்கள். 36 பேரில் 34 பேரிடம் பித்தக்கல் கிடைத்தது! அருவருப்பான வேலைதான், ஆனால் அதுவே தெளிவான சான்று. பெரிய கல்லைவிடப் பொடிக்கல்லே ஆபத்து என்பதும் இதனால்தான்: அதுதான் பையைவிட்டு நழுவி வெளியே வரும்.

கல் தானாகப் போய்விடுவதால் முதல் சிகிச்சை எளியது: நரம்பு வழி நீர், வலி மருந்து, முடிந்தவுடன் உணவு. காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாகப் பித்தநாளத்தில் தொற்று இருந்தால் மட்டும், வாய்வழியே குழாய் செலுத்தி வாசலைச் சற்று வெட்டிக் கல்லை எடுப்பார்கள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இந்த முறை வெளியானதும் அதே 1974இல்தான்.

இப்படி வாசலை அகலமாக்கினால் கணைய அழற்சி திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அறுவையைத் தாங்காத முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் பித்தப்பையை விட்டுவைக்க இது நல்ல வழி. ஆனால் கற்கள் பைக்குள்ளேயே இருக்கின்றன; பித்தப்பை வலியும் வீக்கமும் வரத்தான் செய்யும். அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை சிறிய கொழுப்புக் கற்களை மட்டும், அதுவும் பல மாதங்களில் கரைக்கும்; நிறுத்தினால் பலருக்கு மறுபடி உருவாகும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் வெளிவரும் பச்சைக் கட்டிகளைக் கல் என்று நம்புவோர் உண்டு. அவை வயிற்றுக்குள் உருவான சோப்புதான்.

நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஆய்வில், லேசான அழற்சி கண்ட 264 பேர் ஒப்பிடப்பட்டனர். அதே அனுமதியிலேயே பையை அகற்றியவர்களில் 5 விழுக்காட்டினருக்கும், சுமார் ஒரு மாதம் காத்திருந்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் கல் தொல்லை மீண்டது. கடுமையான அழற்சியில் மட்டும், வீக்கமும் நீர்த்தேக்கமும் அடங்கும்வரை பொறுப்பதே முறை.

ஆகவே உடல் தாங்குமானால் பையை எடுத்துவிடுவதே மேல். வலி நின்றுவிட்டதென்று வீடு திரும்புமுன் அறுவைக்கான தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.